தோன் பாசிலியோவின் வரிசை

தோன் பாசிலியோ ஒவேலார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்ததுமே ஏதோ விபரீதம் என்று அவர் மகள் நிமியாவுக்குப் புரிந்துவிட்டது.

அவளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்பா பகலில் உட்கார்ந்து பார்த்ததில்லை. சாப்பாடென்றால் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்தபடியே சாப்பிடுவார். கோயிலில் பூசை முடியும்வரை கடைசித் தூணுக்குப் பக்கத்தில் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பார். ஒருமுறை முடிவெட்டிக்கொள்ளப் போனவர், தன் ஐஸ் பேக்டரி எந்திரத்தின் சத்தம் மாறியது காதில் விழுந்து, பாதி வெட்டிய தலையோடு தெருவில் ஓடி வந்தார். மீதித் தலைக்கு அடுத்த வாரம்தான் நேரம் கிடைத்தது. அப்படிப்பட்டவர் இன்று நட்டநடுப் பகலில், பேக்டரி தராசுக்குப் பக்கத்தில் கிடந்த பிரம்பு நாற்காலியில், இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு சாதுவாக உட்கார்ந்திருந்தார்.

நிமியா அவர் கையைத் தொட்டாள். சில்லென்றிருந்தது. அதிலிருந்து அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை, ஏனென்றால் அந்தக் கை எப்போதும் சில்லென்றுதான் இருக்கும். அம்மா ஞா செஃபெரினா விடிவதற்கு முன்பே சிப்பா என்கிற பாலாடைக்கட்டி ரொட்டி சுட்டுக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போய்விடுவாள். நிமியாவுக்குத் தலைவாரிப் பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பியதெல்லாம் அம்மோனியா வாடை அடிக்கும் அந்தக் கைகள்தான். காய்ச்சல் வந்தால் வீட்டில் ஈரத்துணி தேட மாட்டார்கள், அப்பாவைக் கூப்பிடுவார்கள்.

"அப்பா, எந்திரிங்க" என்றாள். "எந்திரிங்கப்பா, ஐஸ் உருகுது."

அந்த வார்த்தைக்கு எழாதவர் வேறெந்த வார்த்தைக்கும் எழப் போவதில்லை.

மின்சாரம் போய் அன்றைக்கு நாலு நாள். எங்கள் கொன்செப்சியோன் ஊருக்கே வெளிச்சம் தரும் பெரிய எந்திரத்தில் ஏதோ உடைந்துவிட்டது. அசுன்சியோனிலிருந்து புதன்கிழமைக் கப்பலில் சாமான் வந்தால்தான் உண்டு என்றார்கள். போன வாரத்து மழைக்கு மண்சாலையின் குறுக்கே போட்ட தடைக்கட்டையை இன்னும் எடுக்கவில்லை, லாரி எதுவும் வர வழியில்லை. போதாக்குறைக்கு அனலாக அடிக்கும் வடக்குக் காற்று. அது வீச ஆரம்பித்தால் எங்கள் ஊரில் நாய்கூடக் காரணமில்லாமல் சண்டைக்கு வரும். கதவு அடித்துக்கொண்டே இருக்கும், தலை விண்விண் என்று தெறிக்கும், நல்ல மனிதர்கள்கூட வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டு மழை வந்தபிறகு மன்னிப்புக் கேட்பார்கள். அந்தக் காற்றில்தான் தோன் பாசிலியோ நாலு நாளாகத் தூங்காமல் குளிர்க் கிடங்கில் உமியை அள்ளி அள்ளி மூடி ஐஸைக் காவல் காத்தார்.

"நாலு நாளா உக்காருய்யா, உக்காருய்யான்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன்" என்று மார்பில் அறைந்துகொண்டு அழுதாள் ஞா செஃபெரினா. "உக்காந்தான் பாரு மனுசன்!"

அழுது முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்ன முதல் வார்த்தை மகனைப் பற்றியது.

"தெர்லிசுக்குத் தந்தி அடி. அவன் வந்து அப்பன் மூஞ்சியப் பாத்தப்புறம்தான் பெட்டிய மூடணும். சொல்லிட்டேன்."

அது திங்கட்கிழமை. தந்திக்குச் சாயங்காலமே பதில் வந்தது: புதன்கிழமைக் கப்பலில் வருகிறேன். எங்கள் ஊர் வெயிலுக்குச் செத்தவரை மறுநாளே எடுத்துவிடுவது வழக்கம். புதன் மதியம் வரை வைத்திருக்க வேண்டுமென்றால் ஒரே வழி ஐஸ்தான். கிடங்கில் ஆறு பார் ஐஸ் மிச்சம் இருந்தது. நாலைப் பெட்டிக்குக் கீழே தகரத் தட்டில் அடுக்கினாள் நிமியா. இரண்டை உமிக்குள் விட்டுவைத்தாள். கணக்குச் சரியாக இருந்தது. அண்ணன் முகத்தைப் பார்த்துவிடுவான், அம்மா மனசு ஆறும், ஏழு வருஷத்துப் பகை இந்த அறையிலேயே முடிந்துவிடும்.

பகைக்குக் காரணமும் ஐஸ்தான். அதைச் சொல்ல வேண்டுமென்றால் தோன் பாசிலியோவின் வரிசையைச் சொல்ல வேண்டும், வரிசையைச் சொல்ல வேண்டுமென்றால் போரிலிருந்து தொடங்க வேண்டும்.

பக்கத்து நாட்டோடு நடந்த சாக்கோப் போருக்குப் போனபோது அவருக்கு மீசை சரியாக முளைக்கவில்லை. தாகமும் குண்டும் போட்டி போட்டுக்கொண்டு ஆளைத் தின்ற போர் அது. அவரிடம் துப்பாக்கிக்குப் பதிலாகத் தண்ணீர் லாரியைக் கொடுத்தார்கள். முள்காட்டில் புழுதி பறக்க ஓட்டிக்கொண்டு போய் முன்னணியில் நிறுத்துவார். ஒருநாள் அப்படி நிறுத்தியபோது, காயம்பட்டவர்கள் மரத்தடியில் நாக்கு வீங்கிப் படுத்துக் கிடந்தார்கள். அப்போது கேப்டனுடைய நாவிதர் பீங்கான் பேசினைத் தூக்கிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் வந்தார். கேப்டன் சவரம் பண்ணிக்கொள்ள வேண்டுமாம்.

"கடைசியில போய் நில்லு" என்றார் பாசிலியோ.

"யாருக்குன்னு தெரியுமாடா பொடிப்பயலே?" என்று நாவிதர் பேசினைத் தொட்டிக்குள் முக்கினார்.

பாசிலியோ இரும்பு அகப்பையால் அவர் மண்டையில் ஒன்று போட்டார். அதற்காக ஒரு பகல் முழுக்க வெயிலில் கட்டிப் போட்டார்கள். பின்னாளில் இந்தக் கதையை அவர் சொல்லும்போதெல்லாம் ஒரே மாதிரிதான் முடிப்பார்: "அடிச்சதுக்கு வருத்தமில்ல. பேசின் தண்ணி மண்ணுல கொட்டிப் போச்சு பாரு, அதத்தான் இன்னிக்கும் மறக்க முடியல." அவருக்குக் கொடுத்த பதக்கம் சாவிக்கொத்தோடு கால்சட்டைப் பையில் கிடந்து தேய்ந்தது. வெற்றி நாள் ஊர்வலத்தில் மற்ற வீரர்கள் மார்பை நிமிர்த்தி நடக்க, இவர் பக்கத்துத் தெருவில் ஐஸ்தண்ணீர் வண்டியைத் தள்ளிக்கொண்டு கூடவே வருவார்.

போர் முடிந்து துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தபோதுதான் செஃபெரினாவைப் பார்த்தார். "மூணு மாசம் எங்கிட்ட சிப்பா வாங்கித் தின்னாரு. ஒரு நாளாவது நின்னு பேசணுமே! கல்யாணம் பண்ணிக்கிறியான்னு கேட்டதும் நடந்துகிட்டேதான். நான்தான் கூடையோட பின்னாலயே ஓடிப்போய் சரின்னு சொன்னேன்" என்பாள் அவள். பிறகு ஆற்றின் கீழ்ப்பக்கம் மூடிப்போன ஒரு இறைச்சி ஆலையிலிருந்து துருப்பிடித்த குளிர் எந்திரத்தைச் சல்லிசாக வாங்கிப் படகில் ஏற்றி வந்தார். ஊரே சிரித்தது. கட்டிய மனைவி எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். "ஆறு முழுக்கத் தண்ணி ஓசியில ஓடுது. இவரு அதக் கட்டியாக்கி விக்கப் போறாராம்!"

விற்றார். மீன்காரரும் கசாப்புக்காரரும் மதுக்கடைக்காரரும் வாசலில் நின்றார்கள். ஆனால் அந்த வாசலில் ஒரு வரிசை உண்டு. முதலில் ஆஸ்பத்திரி. அடுத்தது சாவு வீடு, அதற்குக் காசு கிடையாது. பிறகு மீனும் இறைச்சியும். பீருக்குக் கேட்பவர் எல்லோருக்கும் பின்னால். "காசு கொட்டுறவன் கடைசியில நிக்கிற கடை உலகத்திலயே இது ஒண்ணுதான்" என்று ஞா செஃபெரினா அந்த வரிசையைத் திட்டாத நாளில்லை. அப்படியும் கடை வளர்ந்தது. செங்கல் வீடு வந்தது, லாரி வந்தது, பிள்ளைகள் இருவரும் படித்தார்கள்.

மகன் தெர்லிசின் கல்யாணம் டிசம்பர் மாதத்துக் கொளுத்தும் வெயிலில் நடந்தது. பெண்ணுக்கு ஊர் அசுன்சியோன். சம்பந்தி வீட்டார் வெள்ளைச் சட்டையும் விசிறியுமாகக் கப்பலில் வந்து இறங்கினார்கள். முற்றத்தில் பெரிய தொட்டி, தொட்டி நிறைய பீர் பாட்டில், அதன் மேல் அன்றைக்குப் பேக்டரியில் இருந்த அத்தனை ஐஸும். வாழ்த்துச் சொல்லிக் கோப்பையை உயர்த்தப் போகிற நேரத்தில் ஊர்க்கோடியில் ஒரு சலவைக்காரி இறந்துவிட்டதாகச் சேதி வந்தது. தோன் பாசிலியோ கோட்டைக் கழற்றினார், இடுக்கியை எடுத்தார், விருந்தாளிகள் பார்க்கப் பார்க்கத் தொட்டியிலிருந்து பார்களை ஒவ்வொன்றாக இழுத்து லாரியில் ஏற்றினார்.

"ஐஸ் கம்பெனி முதலாளி வீட்டுல சூடா பீர் குடிக்கிற பாக்கியம் எங்களுக்குத்தான் கெடச்சிருக்கு" என்றார் சம்பந்தி. வெள்ளைச் சட்டைகள் எல்லாம் சிரித்தன.

தெர்லிசுக்கு முகம் கறுத்துவிட்டது. லாரிக்குக் குறுக்கே போய் நின்றான்.

"என் கல்யாணம்பா. ஒரு நாள். ஒரே ஒரு நாள் உங்க வரிசையை எனக்காக மாத்தக் கூடாதா?"

"செத்தவ நாளைக்கு வரைக்கும் காத்திருப்பாளாடா? நகரு" என்றார் அப்பா.

நகர்ந்தவன் நகர்ந்தவன்தான். மறுநாள் கப்பலில் போனவன் ஏழு வருஷமாகத் திரும்பவில்லை. யாரும் அவன் பேரைச் சொல்லி அழவில்லை, அந்த வீட்டில் அது வழக்கமில்லை. கப்பல் வரும் நாளில் ஞா செஃபெரினா சிப்பா விற்கிற சாக்கில் இறங்குகிற முகங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். தோன் பாசிலியோ ஐஸ் ஏற்றுகிற சாக்கில் கொஞ்சம் தள்ளி நிற்பார். இருவரும் ஒருவரையொருவர் கவனிக்காத மாதிரி வீடு திரும்புவார்கள்.

செவ்வாய்க்கிழமை காலையிலும் காற்று நிற்கவில்லை. பெண்கள் செபமாலை சொன்னார்கள். பெட்டிக்குக் கீழே தகரத் தட்டிலிருந்து வாளியில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு சொட்டுக்கும் நிமியா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். உயிரோடிருந்தால் முதல் சொட்டுக்கே துள்ளி எழுந்திருப்பார்.

அவளால் உட்கார முடியவில்லை. கிடங்குக்குப் போவாள், உமியை விலக்கி இரண்டு பாரையும் தொட்டுப் பார்ப்பாள், மூடுவாள், கூடத்துக்கு வருவாள், மறுபடி கிடங்குக்குப் போவாள். "சித்த உக்காரும்மா, பாக்கிறவங்களுக்குக் கால் வலிக்குது" என்று ஒரு கிழவி சொன்னாள்.

ஆஸ்பத்திரி நர்ஸ் ஒப்துலியா வந்தாள். பெட்டிக்கு முன் மண்டியிட்டு அழுதாள். நிமியாவைக் கட்டிக்கொண்டாள். ஐஸ் இல்லாமல் சூடேறிப்போன தண்ணீர் ஊற்றிய தெரெரே இலைப்பானத்தை ஒரு முறை உறிஞ்சினாள், நன்றி சொல்லிக் குவளையைத் திருப்பினாள். நன்றி சொன்னால் இனி வேண்டாம் என்று பொருள். எங்கள் ஊரில் யாரும் ஒரு வாயோடு நன்றி சொல்வதில்லை. அவசரம் இருந்தால் ஒழிய.

நிமியா பின்னாலேயே வாசலுக்குப் போனாள். சுவர் மறைவில் ஆஸ்பத்திரித் தள்ளுவண்டி நின்றது. அதில் காலியாக ஒரு மருந்துப் பெட்டி.

"என்னக்கா இது?"

"ஒண்ணுமில்ல. சும்மா."

"இந்த வெயில்ல ஆஸ்பத்திரி வண்டிய சும்மாவா தள்ளிக்கிட்டு வருவாங்க?"

ஒப்துலியா வண்டிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தாள். "போலியோ சொட்டு மருந்துடி. போன கப்பல்ல வந்தது. அக்கரை மாட்டுப்பண்ணைப் புள்ளைங்களுக்கு. நேத்துக் காலையில வரைக்கும் உங்கப்பா வந்து பெட்டிய ரொப்பிட்டுப் போனாரு. இன்னிக்கும் வருவாருன்னு வாசல்ல நின்னு எட்டி எட்டிப் பாத்துக்கிட்டிருந்தேன். எனக்குத்தான் புத்தி பேதலிச்சுப் போச்சு."

"எவ்வளவு நேரம் தாங்கும்?"

"பொழுது சாயற வரைக்கும் தாங்காது."

"பாதி குடுத்தா?"

"பாதி குடுத்தா மருந்தும் கெடும், உங்கப்பாவும்..." என்றவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "நான் கேக்கல நிமியா. நீ குடுக்கவும் வேணாம். உங்கம்மா மூஞ்சில நான் முழிக்கணும்."

கேட்டிருந்தால் மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். நிமியாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கேட்காத ஒப்துலியா மேல், உடைந்த எந்திரத்தின் மேல், செத்தும் வேலை வைக்கிற அப்பா மேல். கிடங்கைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். அண்ணன் வந்து மூடிய பெட்டியைப் பார்த்தால் என்ன நினைப்பான் என்று அவளுக்குத் தெரியும். அன்றைக்கும் கடைசி, இன்றைக்கும் கடைசி என்றுதான் நினைப்பான். வந்த கப்பலிலேயே திரும்பிப் போவான். அதன்பிறகு அம்மா எந்தக் கப்பலுக்குக் காத்திருப்பாள்?

நடந்து நடந்து கால் வலித்தபோதுதான், தான் நடப்பது அப்பாவின் நடை என்று அவளுக்கு உறைத்தது. இடுக்கியை எடுத்தாள்.

உமிக்குள் இருந்த இரண்டு பாரும் வண்டிக்குப் போயின. பிறகு கூடத்துக்கு வந்து பெட்டிக்குக் கீழே குனிந்தாள். இடுக்கியின் பல் ஐஸில் இறங்கும் சத்தத்துக்குச் செபமாலை நின்றது.

"நிமியா, கீழ வை" என்றாள் அம்மா.

"ஆஸ்பத்திரிக்கும்மா."

"உங்கண்ணன் வந்துகிட்டிருக்கான். ஏழு வருசம் கழிச்சு வரான்."

"தெரியும்மா."

"தெரிஞ்சுமா பண்றே?"

"அப்பா இருந்திருந்தா..."

"உங்கப்பன் செத்துட்டான்டி! செத்தவனுக்கு எதுக்கு இன்னும் வரிசை?"

நிமியா கண்ணீர் வழிய வழிய நாலு பாரையும் இழுத்து வண்டியில் ஏற்றினாள். கடைசிப் பார் போனதும் வாளியில் சொட்டுச் சத்தம் நின்றுவிட்டது.

"இனிமே எங்கிட்டப் பேசாதே" என்றாள் ஞா செஃபெரினா.

அன்று சாயங்காலமே தோன் பாசிலியோவைப் புதைத்தார்கள். பதக்கத்தைச் சாவிக்கொத்திலிருந்து கழற்றிச் சட்டையில் குத்தினார்கள். அம்மா மண் போட்டாள், மகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

புதன் மதியம் கப்பல் ஊதியது. ஞா செஃபெரினா அன்று கூடை எடுக்கவில்லை. கறுப்பு முக்காட்டோடு முன்னால் துறைமுகத்துக்குப் போனாள், நிமியா பத்தடி பின்னால் போனாள். மின்சார எந்திரத்துச் சாமானைச் சங்கிலி போட்டு இறக்கிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பின்னால் தெர்லிஸ் இறங்கினான். உடம்பு பெருத்திருந்தது, நெற்றிமுடி ஏறியிருந்தது. தள்ளுவண்டி ஒன்றைத் தானே இழுத்து வந்தான். வண்டியில் கம்பளி சுற்றிய பெரிய மூட்டை. அதிலிருந்து தண்ணீர் வழிந்து படிக்கட்டெல்லாம் ஈரமாயிற்று.

அம்மாவைக் கட்டிக்கொண்டான். பிறகு இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அப்பாவ எடுத்துட்டீங்களா?"

நிமியா முன்னால் வந்தாள்.

"நான்தாண்ணா. ஐஸை ஆஸ்பத்திரிக்குக் குடுத்துட்டேன். அதனால நேத்தே... என்னத் திட்டு, அடி, என்ன வேணா பண்ணு. ஆனா இதே கப்பல்ல போயிடாதே."

தெர்லிஸ் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு சிரித்தான். துறைமுகமே திரும்பிப் பார்க்கிற சிரிப்பு. சிரித்துக்கொண்டே ஈர மூட்டையின் ஓரத்தில் உட்கார்ந்தான், உட்கார்ந்ததும் அழுதுவிட்டான்.

"எனக்குத் தெரியும்" என்றான். "ஊர்ல கரண்ட் இல்லன்னு தந்தி ஆபீஸ்ல சொன்னாங்க. எத்தன பார் இருந்தாலும் அவருக்குன்னு ஒண்ணு மிஞ்சாது, யாருக்காவது போயிருக்கும்னு அப்பவே நினைச்சேன். அதான் கையோட வாங்கியாந்தேன். ஒரு நாளாவது அந்த மனுசன வரிசையில முதல்ல நிறுத்தலாம்னு பாத்தேன்."

கம்பளியை விலக்கினான். உமிக்குள் மூன்று பார், ஓரமெல்லாம் கரைந்து, இன்னும் கெட்டியாக, வெயிலில் புகைந்துகொண்டு இருந்தன.

ஞா செஃபெரினா குனிந்து ஒரு பாரின் மேல் கை வைத்தாள். வெகுநேரம் கையை எடுக்கவில்லை. மகள் நெற்றியிலும் மகன் நெற்றியிலும் அவள் புருஷன் வைத்த கையின் குளிர் அதுதான். பிறகு கையை முக்காட்டில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"என்னடா மரம் மாதிரி உக்காந்திருக்கே? உருகுது பாரு. எந்திரி, ஆஸ்பத்திரிக்குத் தள்ளு. அடியே நிமியா, நீ அந்தப் பக்கம் பிடி."

அண்ணனும் தங்கையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். வண்டி மேட்டில் ஏறத் தொடங்கியதும் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது.

"வழியில எவனாவது பீருக்குக் கேட்டான்னா, கடைசியில போய் நிக்கச் சொல்லு!"